எழவில்லை

தாலுகா ஆபீஸுக்கு எதிரே, புங்க மரத்தடியில், நாற்பது வருஷத்துக்கு மேலாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் பேனாவும் மடக்கு மேஜையும். பிறகு யாரோ விற்ற பழைய ரெமிங்டன் தட்டச்சுப் பொறி. இப்போது மருமகன் வாங்கித் தந்த லேப்டாப். மரம் மட்டும் அதே மரம். 'அனுப்புநர், பெறுநர், பொருள்' என்று மூன்று சொற்களைப் போட்டு, அவற்றுக்குக் கீழே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சண்டையை அரைப் பக்கத்துக்குள் அடக்குவதுதான் தொழில்.

பெறுநர் என்ற இடத்தில் நான் அதிகம் எழுதியது 'சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்' என்பதைத்தான். அடுத்தது கலெக்டர். கடவுளுக்கே எழுதித் தரச் சொல்லி இதுவரை ஒருவர்தான் வந்தார். அவரும் அறநிலையத் துறை வழியாக அனுப்பலாமா என்று கேட்டார்.

பார்த்த எம்.எல்.ஏ.க்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தொகுதி எது, கட்சி எது என்று கேட்காதீர்கள். 234-இல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1967-இலிருந்து அந்த எண்ணிக்கை மாறவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் இத்தனை காலம் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முதலாமவரைப் பெரியவர் என்று சொல்கிறேன். ஊருக்கு அவர் 'அண்ணாச்சி'. காலை ஐந்து மணிக்கே அவர் வீட்டுத் திண்ணையில் ஆள் சேர்ந்துவிடும். அவர் கிணற்றடியில் தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டே கேட்பார். "சொல்லு வே, கைதான வேலையா இருக்கு, காது சும்மாதான கிடக்கு" என்பார். சென்னைக்குக் கிளம்பினால் அரசு பஸ்தான், பாஸ் உண்டு. கூடவே இரண்டு மூன்று பேர் போவார்கள்: ஒருவருக்குப் பெரியாஸ்பத்திரியில் கண் ஆபரேஷன், இன்னொருவருக்குப் பையனுடைய வேலை விஷயம். எல்லோரும் எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் அவர் அறைத் தரையில் படுத்துக்கொள்வார்கள். கட்டில் யாருக்கு என்பதில்தான் தகராறு வரும். பெரும்பாலும் நோயாளி ஜெயிப்பார்.

இதைச் சொன்னால் என் பேரன் கதை விடுகிறேன் என்கிறான். கதை இல்லை. மதுரையில் நன்மாறன் என்று ஒருவர் இருந்தார். மதுரை கிழக்கில் 2001-இலும் 2006-இலும் ஜெயித்தவர். மேடைக் கலைவாணர் என்று பெயர். பத்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்துவிட்டு, 2021-இல் சாவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, குடியிருக்க ஒரு வீடு கேட்டு மனைவியோடு கலெக்டர் அலுவலகத்தில் மனுவும் கையுமாக நின்றார். அந்தப் படத்தைப் பார்த்தபோது, இந்த மனுவை யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. தொழில் புத்தி.

பெரியவரிடம் லெட்டர்பேடு இருந்தது. அச்சுக்கூலி மிச்சம் என்று தாளைப் பாதியாகக் கிழித்து எழுதுவார். என்ன மனுவானாலும் ஓரத்தில் எழுதுவது இரண்டே சொல்: 'ஆவன செய்க.' ஒரு நாள் காலையில் ஒரு விதவைப் பெண்ணுக்கு, அவளுடைய கால் ஏக்கரை மீட்டுத் தர 'ஆவன செய்க' கொடுத்தார். அன்று மாலையே, அந்தக் கால் ஏக்கரை உழுதுகொண்டிருந்தவனுக்கும் ஒரு 'ஆவன செய்க' கொடுத்தார். மறுநாள் இரண்டு பேரும் ஒரே ஆர்.ஐ. முன்னால் நின்றார்கள். ஆர்.ஐ. இரண்டு சீட்டையும் சேர்த்து ஒரே குண்டூசியில் குத்தி வைத்தார். அவர் ஆவன செய்தது அவ்வளவுதான்.

ஆனாலும் மனிதருக்கு ஓர் அஸ்திரம் இருந்தது. முதியோர் பென்ஷன் கோப்பு நகரவில்லை என்றால் ஆபீஸுக்குப் போய் அதிகாரி அறைக்கு வெளியே பெஞ்சில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். உள்ளே போக மாட்டார். பியூன் டீ கொண்டு வந்தால், "ஃபைலும் வரட்டும், சேர்ந்து குடிக்கோம்" என்பார். சத்தம் கிடையாது, கோஷம் கிடையாது. மூன்று மணிக்கு மேல் அதிகாரியே வெளியே வருவார், சிரித்தபடி, வேர்த்தபடி. இப்போது 'பொறுப்புக்கூறல்' என்று ஒரு சொல் வழங்குகிறதே, அது அந்தக் காலத்தில் மூன்றரை அடி நீள மர பெஞ்சாக இருந்தது. அதிலும் பத்து மனுவுக்கு இரண்டுதான் காய்த்தது. எழுதியவன் நான், கணக்கு எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. காலனிக்காரர்கள் தெருவில், வேப்ப மரத்துக்குக் கீழே நின்றுதான் பேசினார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை; யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று என் வயசுக்காரர்கள் பெருமூச்சு விடும்போது, எந்த இடத்தில் நின்றுகொண்டு விடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, பாலத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. குறுக்கே தரைப்பாலம். பத்து மாதம் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே இடுப்பளவு தண்ணீர் போகும். பள்ளிக்கூடம் தானாக லீவு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் பால்காரர் ஒருவரும் அவருடைய எருமையும் அடித்துக்கொண்டு போனார்கள். ஊர் திரண்டு வந்து மனு எழுதச் சொன்னது. தொழிலுக்கு நான் புதுசு. முந்நூறு கைநாட்டு, கையெழுத்து. எனக்கு அன்று கை நடுங்கியது உண்மை.

பெரியவர் இந்தத் தடவை 'ஆவன செய்க'வோடு நிறுத்தவில்லை. சட்டசபையில் கேள்வி போட்டார். கோட்டையில் கேள்வி கேட்பதற்கு ஒரு தமிழ் உண்டு. '(அ) இன்ன ஓடையின் குறுக்கே உயர்மட்டப் பாலம் அமைக்கும் கருத்துரு அரசிடம் உள்ளதா? (ஆ) ஆம் எனில், எப்போது அமைக்கப்படும்?' இரண்டு மாதம் கழித்து அச்சடித்த பதில் வந்தது. டீக்கடையில் ஊர் முழுக்கக் கூடியிருக்க, படித்தவன் என்ற முறையில் நான்தான் வாசித்தேன்.

"(அ) இல்லை. (ஆ) எழவில்லை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு டீ மாஸ்டர் கேட்டார்: "எழவில்லைன்னா? மந்திரி எந்திரிக்கவே இல்லையா?"

முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டதால் இரண்டாவது கேள்வியே எழாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பால்காரருடைய அம்மா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள்.

"எழவு இல்லையாமா? ஆளும் மாடுமா ரெண்டு எழவு விழுந்திருக்கு. எழவு இல்லைன்னு எழுதி அனுப்பியிருக்கானா? யாரு அவன்?"

என்னிடமிருந்து அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் வெகு நேரம் பார்த்தாள். மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பதிலுக்கு ஊரில் நகல் இல்லாமல் போனது அப்படித்தான்.

நடுவில் வந்த எம்.எல்.ஏ.க்களை வேகமாகக் கடந்துவிடலாம். அவர்களும் எங்களை அப்படித்தான் கடந்தார்கள், கண்ணாடி ஏற்றிய காரில். தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று வந்தது; பயணிகள் நிழற்குடைகள் வந்தன. அவற்றில் உபயம் செய்தவர் பெயர் வெயில் படாத இடத்தில் இருக்கும். பெஞ்சு வெயில் படுகிற இடத்தில் இருக்கும். பாலத்துக்கு அந்த நிதி போதாது. நிழற்குடைக்கு எப்போதும் போதும்.

2021-இல் வந்தவர் இன்ஜினியர். இளைஞர். அவருக்குப் பள்ளிக்கூடத்துக்கான சாதிச் சான்று மனு எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்கு அவர் தம்பி. அவருக்கு நான் அண்ணாச்சி. வயசானதில் அந்தப் பட்டம் எனக்கு மாறிவிட்டது.

தம்பியின் அலுவலகத்தில் திண்ணை இல்லை. வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி. டோக்கன் வாங்கினால் யாரானாலும் உட்காரலாம், உட்காருகிறார்கள். வேப்ப மரத்தடிக்கும் திண்ணைக்கும் இடையே இருந்த பத்தடி தூரம் இப்படி ஒரு நாற்காலியில் தீர்ந்துபோயிருக்கிறது. தம்பி வருஷா வருஷம் அடிக்கிற சாதனைப் புத்தகத்தில் இது மட்டும் இல்லை. அவருக்கு இது சாதனையாகவே தெரியவில்லை. அதுவே பெரிய சாதனை என்று எனக்குப் படுகிறது.

மற்றபடி எல்லாமே எண். மனு கொடுத்தால் எண், செல்போனில் குறுஞ்செய்தி. 1100-க்குப் போன் செய்தால் எண், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொடுத்தால் எண். அதே கால் ஏக்கர் வழக்கு, பேரன்மார் காலத்தில் மறுபடி வந்தது. இரண்டு தரப்புக்கும் ஒரே நாளில் 'தங்கள் மனு பதிவு செய்யப்பட்டது' என்று செய்தி வந்தது. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு தெருவில் வெடி போட்டார்கள்.

தம்பி தொகுதிக்கு ஐந்து வாட்ஸப் குழு வைத்திருக்கிறார். காலையில் ஐந்திலும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ. இரவில் குறைகள். 2025 ஜனவரியோடு எங்கள் பக்கத்து ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் ஆட்சி வந்த பிறகு, தெருவிளக்கு, குழாய், நாய் எல்லாமே அவர் தலையில் விடிந்தன. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு 'சார் லைட்' என்று ஒரு செய்தி. கூடவே ஒரு படம். முழுக்கக் கறுப்பு. தெருவிளக்கு எரியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. தம்பி அதைத் துறைக்கு அனுப்பினார். 'படம் தெளிவாக இல்லை' என்று பதில் வந்தது.

ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. பாலத்தைக் கையில் எடுத்தார். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் வெகு காலமாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். எந்தப் பத்து என்று ஐந்து குழுக்களிலும் நடந்த சண்டையில் இரண்டு கல்யாணப் பேச்சு முறிந்தது. பாலம் நான்காவது இடத்தில் நின்றது.

கேள்வியும் போட்டார். 2022 ஜனவரி 6 முதல் சட்டசபைக் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அதனால் அவருடைய முறை வந்த அன்று, அதே டீக்கடையில், ஒரே செல்போனைச் சுற்றி இருபது தலை. தம்பி எழுந்தார். பேரவைத் தலைவருக்கு வணக்கம், தலைவருக்கு நன்றி, தலைவருடைய தலைவருக்குப் புகழ், தொகுதி மக்களுக்கு நன்றி. கேள்விக்கு வருவதற்குள் இரண்டு பேர் டீயைக் குடித்து முடித்துவிட்டார்கள். பதில் வந்தது: உறுப்பினரின் கோரிக்கை நியாயமானது, நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும். அவையில் மேசை தட்டினார்கள். டீக்கடையில் மேசை இல்லாததால் தொடையைத் தட்டினார்கள்.

"இந்தத் தடவ மந்திரி எந்திரிச்சுட்டார்லா" என்றார் டீ மாஸ்டரின் மகன். அந்தப் பழைய கதை அவன்வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சட்டசபைக் குழு ஒன்றும் பார்வையிட வந்தது. அதற்கு முந்தைய நாள் சாலையின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டார்கள். நாற்பது வருஷத்தில் அந்தத் தரைப்பாலம் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. சித்திரை மாதம். ஓடையில் நான்கு ஆடு. குழுவில் ஒருவர், "தண்ணீர் எங்கே?" என்று கேட்டார். "ஐப்பசியில வருங்கய்யா" என்றார்கள். அப்படியானால் ஐப்பசியில் வந்து பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். ஐப்பசியில் வந்தார்கள். மெயின் ரோட்டிலேயே நின்று திரும்பிவிட்டார்கள். தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகுதான் ஒரு நாள் மத்தியானம் தம்பி புங்க மரத்தடிக்கு வந்தார். கார் இல்லை, கூட ஆள் இல்லை. என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு மனு எழுதணும்."

"உங்களுக்குக் குடுக்கவா?"

"இல்ல. நான் குடுக்க. தகவல் அறியும் உரிமையில."

தகவல் உரிமைக்கு நாட்டிலேயே முதலில் சட்டம் போட்டது தமிழ்நாடுதான், 1997-இல். எதையெல்லாம் தர வேண்டியதில்லை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அந்தச் சட்டத்தில் இந்த மரத்தடியில் ஒரு மனு எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. 2005-இல் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் பத்து ரூபாய் கோர்ட் வில்லைக்குக் கிராக்கி வந்தது. ரிட்டையர்டு வாத்தியார் போட்டிருக்கிறார், பங்காளிச் சண்டைக்காரர்கள் போட்டிருக்கிறார்கள். எம்.எல்.ஏ. போட்டு நான் பார்த்ததில்லை. சபையில் கேட்டாயிற்று, கடிதம் எழுதியாயிற்று, நேரில் பார்த்தாயிற்று. கோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை என்றார். சாலை ஒரு துறை, அதற்குக் கீழே போகிற தண்ணீர் ஒரு துறை, இரண்டு பக்கத்துக் கரையும் மூன்றாவது துறை. பாலம் கட்டினால் அது எந்தத் துறையின் தலைக்கு மேலே நிற்கும் என்பதில் யாருக்கும் அவசரம் இல்லை.

நாற்பது வருஷமாகப் பெறுநர் என்ற இடத்தில் எழுதிய சொல்லை, அன்று முதல் தடவையாக அனுப்புநர் என்ற இடத்தில் அடித்தேன். 'சட்டமன்ற உறுப்பினர்' என்று அடித்துவிட்டு நிமிர்ந்தேன். "அதை எடுத்துருங்க. இந்தியக் குடிமகன்னு போடுங்க. அதுக்குத்தான் முப்பது நாள்ல பதில் சொல்லணும்னு சட்டம் இருக்கு" என்றார். ஐம்பது ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

முதல் துறை, கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை, பிரிவு 6(3)-இன் கீழ் மாற்றப்படுகிறது என்று இரண்டாவது துறைக்கு அனுப்பியது. இரண்டாவது மூன்றாவதுக்கு. மூன்றாவது துறையிலிருந்து ஒரு நாள் தம்பியின் அலுவலகத்துக்கே ஒரு கடிதம் வந்தது: 'குடிமகன் ஒருவர் இப்பொருள் குறித்துத் தகவல் கோரியுள்ளார். சட்டமன்ற உறுப்பினர் என்ற முறையில் தங்கள் கருத்தை அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' குடிமகன் பெயரும் உறுப்பினர் பெயரும் ஒன்றாக இருப்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. தம்பி கருத்து அனுப்பினார்: குடிமகன் கேட்பது நியாயம், கொடுத்துவிடுங்கள்.

முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு கோப்பைத் தோண்டி எடுத்தார்கள். காலம் தாண்டிய கோப்புகளை அழித்துவிடுவார்கள். இது நடவடிக்கை முடியாத கோப்பாம், அதனால் அழிக்க முடியவில்லையாம். முடியாத காரியத்துக்கு இப்படி ஓர் ஆயுள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 61 பக்கம், 122 ரூபாய் கட்டி நகல் வாங்கி, நேராக மரத்தடிக்கே கொண்டுவந்தார் தம்பி.

முதல் பக்கம் என் கையெழுத்து. எண்பதுகளில் எழுதிய அந்த மனு, முந்நூறு கைநாட்டோடு. ஓரத்தில் பெரியவரின் 'ஆவன செய்க.' பார்த்ததும் தொண்டை அடைத்தது. அப்புறம் 'பொருள்' என்ற வரியைப் படித்தேன்.

'ஓடையின் குறுக்கே உயர்மட்டப் பலம் வேண்டி.'

பாலத்துக்குக் கால் போடவில்லை. கை நடுங்கியது என்று சொன்னேனே, அந்த நடுக்கத்தில் விட்டிருக்கிறேன். அடுத்த அறுபது பக்கமும் குமாஸ்தாக்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பொருள் வரியைப் பார்த்தபடியே பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். 'பார்வை 1-இல் காணும் பலம்.' 'பலம் தொடர்பான மதிப்பீடு.' முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு மனிதர் மட்டும் யோசித்திருக்கிறார்: 'கோரப்படும் பலத்தின் தன்மை தெளிவாக இல்லை. மனு எழுதியவரிடம் விளக்கம் பெறலாம்.' கீழே நான்கு பேர் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் யாரும் வரவில்லை. எதிர்ப்பக்கத்து மரத்தடியில்தான் இருந்தேன்.

பாலம் அமைக்கும் கருத்துரு அரசிடம் இல்லை என்று அன்று சபையில் சொன்னது பச்சை உண்மை. இருந்தது பலத்துக்கான கருத்துரு.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அந்த முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். சபைக்குப் போய்வந்த பழக்கமோ என்னவோ, அப்படியே கேட்டார்.

"(அ) அண்ணாச்சி, இது உங்க கையெழுத்தா? (ஆ) ஆம் எனில், கால் எங்க?"

(அ)வுக்கு ஆம் என்று சொல்லிவிட்டால் (ஆ) எழுந்துவிடும். எனக்குத் தெரியாதா? கண்ணாடியைக் கழற்றினேன். வேட்டி நுனியால் துடைத்தேன். திரும்பப் போட்டுக்கொண்டு, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன்.

"வெளிச்சம் பத்தல தம்பி. பார்த்துச் சொல்றேன்" என்றேன்.